நம் சீமையில் வேட்டைத் துப்பாக்கி

தோற்றுவாய்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே சான்றாவன என்று கருதுவார் பலர். அவை தலையாய சான்றுகளே, ஐயமில்லை. ஆயினும், ஏரும் உலக்கையும் மரக்காலும் போலக் குடும்பத்தில் வழிவழியாக வந்த கருவிகளும், தம்மைக் கையாண்டாரது நிலத்தையும் வாழ்வையும், அவரை ஆண்ட அரசினையும் அறிவிக்க வல்லன. அத்தகைய கருவிகளுள் ஒன்று வேட்டைத் துப்பாக்கி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பழங்குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி இன்றும் உளது. அதனைக் குடிப்பெருமையின் அடையாளமாகக் கொண்டு எண்ணெய் பூசித் துடைத்துவைப்பாரும் உளர். அதன் வரலாறு ஒன்றும் அறியாது பெட்டியில் பூட்டிவைத்து மறந்தாரும் உளர். இவ்விரு திறத்தார்க்கும் பயன்படுமாறு, அக்கருவி நம் சீமைக்கு எவ்வாறு வந்தது, அதனை வாங்குவார் எவற்றை நோக்கித் தேர்ந்தனர், அத்தேர்வில் அவர்க்கு இருந்த உரிமை எத்துணை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் சீமை என்று யாம் குறிப்பது, வடக்கே வெள்ளாற்றிற்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்டு, மேற்கே பச்சைமலையை எல்லையாக உடைய நிலப்பரப்பாகும். நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த இப்பகுதி 1995-இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்தது. அதினின்றும் 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனித்தது. ஆளும் எல்லை இவ்வாறு மாறினும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. மேற்கே மலையும் மலையடியும், நடுவே கரிசலும் செம்மண்ணும் கலந்த புன்செய், கிழக்கே முந்திரிக்காடு, தெற்கே கொள்ளிடத்து நன்செய் என நால்வகை நிலமும் அடுத்தடுத்து அமைந்த சீமை இது. துப்பாக்கியின் வரலாற்றுக்கு இந்நில வேறுபாடு இன்றியமையாதது. அதனை மேலே காண்போம்.

வில்லும் வேட்டையும்

துப்பாக்கி நேற்று வந்தது. வேட்டை தொன்றுதொட்டு வருவது. பச்சைமலைக்கு மேற்கே அண்மையில் நிற்பது கொல்லிமலை. அம்மலைக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியின் வில்வன்மையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியிற் புற்றின்கண் இருந்த உடும்பிற் சென்று தைத்ததென்பது அப்பாட்டின் செய்தி. புலவர் கூற்றில் புகழ்ச்சி உண்டெனினும், அதனுள் வேட்டைக்காரர் உணர்ந்த ஓர் உண்மையும் உண்டு. எய்யும் கருவியின் ஆற்றல் குறித்த விலங்கோடு முடிவதன்று. அதனைக் கடந்தும் செல்லும் என்பதே அது. ஓரியின் அம்பிற்கு இது புகழாயிற்று. இக்காலத்து ரைபிளின் குண்டிற்கு இதுவே பேரிடர் ஆகும்.

முயலைத் தவறாது வீழ்த்திய அம்பினும், யானைமேல் எறிந்து குறிதப்பிய வேலே வீரனுக்கு அழகு என்னுங் கருத்துப்படத் திருவள்ளுவர் படைச்செருக்கில் உரைத்தார். அது போர்க்களத்து மறத்தைச் சிறப்பித்தது. வேட்டை நெறி அதனின் வேறு. புண்பட்டுத் தப்பிய விலங்கு புதரிற் கிடந்து துன்புற்றுச் சாம். அன்றேல் மறுநாள் விறகு பொறுக்க வந்தாரைத் தாக்கும். ஆதலின் எடுத்த கருவி குறித்த விலங்கிற்கு ஏற்றதாதல் வேண்டும். ஏலாதாயின் வேட்டைக்குச் செல்லாதொழிதல் வேண்டும் என்பதே காடறிந்தார் துணிபு. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தலின் முதல் விதியும் இதுவே.

மருந்து கெட்டித்த காலம்

தமிழகத்தில் துப்பாக்கியின் வழக்கு, போர்த்துக்கீசியர் முதலிய மேனாட்டார் கடல்வழி வந்த 16-ஆம் நூற்றாண்டு முதலாகப் பெருகியது. முதற்கண் வந்தது திரித்துப்பாக்கி. எரியுந் திரியை மருந்திற் படுமாறு செய்து வெடிப்பிப்பது. பின்னர்ச் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்புவதும், அதன் பின்னர்ச் சிறு செப்புக் கேப்பை அடித்து வெடிப்பிப்பதும் வந்தன. இம்மூன்றினும் மருந்தையும் அடைப்பையும் குண்டையும் குழலின் வாய்வழி இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்தல் வேண்டும். ஒரு முறை சுட்டபின் மறுமுறை சுடுதற்குள் பன்றி காதவழி போய்விடும். மழை பெய்யின் மருந்து நனைந்துவிடும்.

அக்காலத்து நம் சீமையில் அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாய் விளங்கின. கருநாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்பார் இவ்விரு பாளையங்களையும் அவற்றைச் சூழ்ந்திருந்த காடுகளையும் குறிப்பிடுகின்றார். காடே அவற்றுக்குக் கோட்டை மதிலாயிருந்தது. 1751-இல் வாலிகண்டபுரத்துப் பக்கத்தில் ஆங்கிலரும் பிரஞ்சுக்காரரும் தத்தம் நவாபுகளுக்குத் துணையாய்ப் பொருத போரில் நம் ஊரார் பெருந்துப்பாக்கிப் படைகளைக் கண்ணெதிரே கண்டனர். இரஞ்சன்குடிக் கோட்டை அப்போர்க்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. 1765-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் சேர்ந்து அவ்விரு பாளையங்களையும் கைக்கொண்டன. பாளையக்காரர் பின்னர் ஜமீன்தாராயினர். பாளையத்தில் படைக்கலமாய் இருந்த துப்பாக்கி ஜமீனில் வேட்டைக்கருவியாய்ச் சுருங்கிற்று.

தென்பாண்டி நாட்டிலோ இம்மாற்றம் கடுமையாய் நிகழ்ந்தது. மருதுபாண்டியர் வீழ்ந்தபின், 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னராயிருந்த கிளைவு பிரபு வெளியிட்ட பிரகடனத்தால் தெற்கத்திப் பாளையங்களின் மக்கள் படைக்கலங்களை ஒப்புவிக்குமாறு கட்டளையிடப்பட்டனர். குடிகளின் கையில் எந்தக் கருவி இருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் முறைமை தமிழ்நாட்டில் இவ்வாறு வேரூன்றிற்று. இதனை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுதும் இதன் கிளையே.

தாழ்ப்பாள் துப்பாக்கியின் வரவு

இனி, போல்ட் ஆக்ஷன் என்று வழங்கும் தாழ்ப்பாள் துப்பாக்கியைக் காண்போம். கதவின் தாழ்ப்பாளை ஒப்ப, குழலின் பின்வாயை ஓர் இரும்புத் தண்டு அடைத்து நிற்கும். அதன் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வந்து விழும். முன்னே தள்ளினால், அடியிலுள்ள அறையினின்று புதுத் தோட்டா ஒன்று எழுந்து குழலுக்குட் புகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால், தண்டின்கண் உள்ள முளைகள் பள்ளத்திற் பொருந்தித் தாழ் விழும். அதன் பின்னரே விசையை இழுக்கலாம். இத்துணையும் இரண்டொரு நொடியில் நிகழும். தோளினின்று துப்பாக்கியை எடுக்கவும் வேண்டுவதின்று.

இவ்வமைப்பின் முதல்வர் ஜெர்மானியராகிய டிரைசே என்பார். அவர் செய்த ஊசித் துப்பாக்கியைப் பிரஷ்ய அரசினர் 1841-இல் தம் படைக்குக் கொண்டனர். பின்னர் மௌசர் என்பார் 1871-இல் தொடங்கிப் படிப்படியாகத் திருத்தி, 1898-இல் நிறைவான வடிவம் ஒன்றை ஆக்கினார். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பாரது அமைப்பைத் தழுவி ஆங்கிலர் 1888-இல் லீ-மெட்போர்டையும், 1895-இல் லீ-என்பீல்டையும் கைக்கொண்டனர். இதற்கிடையே பிரஞ்சு நாட்டில் வியேய் என்பார் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டார். கருமருந்து வெடித்தால் எழும் வெண்புகை சுட்டவனையே மறைத்துவிடும். புகையில்லா மருந்தில் அக்குறை நீங்கிற்று. குண்டின் வேகமும் பெருகிற்று. குழலின் உட்புறத்தே திருகுவரி வெட்டிக் குண்டைச் சுழலச் செய்யும் முறை பழமையானதே. வரிக்குழல், தாழ்ப்பாள், புகையில்லா மருந்து என்னும் இம்மூன்றும் ஒன்றுகூடிய பொழுதே இக்காலத்து வேட்டை ரைபிள் பிறந்தது. போரில் ஆளைக் கொல்லச் செய்த பொறியே மரவேலையும் குழலும் மாற்றப்பெற்று வேட்டைக்கு வந்தது என்பதை மறத்தல் ஆகாது.

தேர்வார் நோக்கிய ஐந்து

ஒருவன் இத்தகைய ரைபிளை வாங்கப் புகுங்கால் நோக்கத்தக்கன ஐந்து. அவை நிலம், விலங்கு, ஆள், பொறி, தோட்டா என்பன.

முதலாவது நிலம். இரவைத் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் விளங்கும். பன்னிரண்டு போர் என்பது, ஒரு இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எத்துணைப் பருமனோ அத்துணைப் பருமன் உள்ள குழல் என்று பொருள்படும். அதிலிடும் சிறு இரவைகள் சிதறிச் சென்று முந்நூறு கஜத்துக்குள் வலியிழந்து விழும். ரைபிளின் ஒற்றைக் குண்டோ ஒரு மைலுக்கு அப்பாலும் உயிர்கொல்லும் வலியோடு செல்லும். மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுட்டால் அக்குண்டு மண்ணிற் புதையும். சமவெளியிற் சுட்டால் அடுத்த ஊர்க் களத்துமேட்டில் நிற்பாரைத் தாக்கவுங்கூடும். செந்துறையிலும் செயங்கொண்டத்திலும் முந்திரித் தோப்புக்கு அப்பால் யார் நிற்கின்றார் என்பதைச் சுடுவான் காண்டல் அரிது. ஆதலின், பச்சைமலை அடிவாரத்தார்க்கு ரைபிளும், கௌதாரியும் காடையும் முயலும் திரியும் கிழக்குச் சமவெளியார்க்கு இரட்டைக்குழல் இரவைத் துப்பாக்கியும் ஏற்றனவாம். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் வெவ்வேறு கருப்பொருள் வகுத்த இலக்கண நூலார் இதனைக் கேட்பின் உடன்படுவர் என்று எண்ணுகின்றோம்.

இரண்டாவது விலங்கு. புள்ளிமானுக்குப் போதிய குண்டு காட்டெருமைக்குப் போதாது. காட்டெருமைக்குரியது மானின் ஊனைச் சிதைத்துவிடும். 1907-இல் குமாவூன் மலைநாட்டில் சம்பாவத் என்னுமிடத்து ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்ற ஜிம் கார்பெட்டுக்குப் பரிசிலாக அளிக்கப்பட்டது லண்டன் ரிக்பி கம்பெனியாரின் .275 ரைபிள். அது மௌசர் பொறியை உடையது. .275 என்பது அங்குலத்தை ஆயிரங்கூறாக்கி அவற்றுள் 275 கூறு. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதன் குண்டு ஏறக்குறைய 140 கிரெயின், அதாவது 9 கிராம் நிறையினது. சிறு குண்டாயினும் விரைவும் நேர்மையும் உடையது. யானை, காட்டெருமை முதலிய பெருவிலங்குகளுக்கு .375, .416 முதலிய பெருங்குழல்கள் 1911, 1912-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. நம் சீமைக்கு அவை வேண்டப்படா. சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைபிளைக் கையாண்டார். அது தாழ்ப்பாள் அமைப்பினதன்று, நெம்புகோல் அமைப்பினது. பொறி எதுவாயினும் பழகிய கையே குறியைத் தீர்மானிக்கும் என்பதற்கு அவர் சான்று.

மூன்றாவது ஆள். குந்தாவின் நீளம் சுடுவானது கைக்கு இயைதல் வேண்டும். முழங்கை மடிப்பில் குந்தாவின் அடியை வைத்தால் சுட்டுவிரல் விசையைத் தடையின்றித் தொடவேண்டும் என்பது பழைய அளவு. மேனாட்டார் உடலளவுக்குச் செய்த குந்தா நம்மவர் பலர்க்கு நீண்டிருக்கும். அதனை அறுத்துக் குறைத்தனர். மலையேறுவார்க்கு ஏழெட்டு இராத்தல் எடையே போதியது. எடை குறைந்தால் உதைப்பு மிகும்; உதைப்புக்கு அஞ்சுவான் விசையை இழுக்குங்கால் கண்ணை மூடுவான்; கண் மூடினால் குறி தப்பும்.

நான்காவது பொறி. மௌசரில் தாழ்முளைகள் தண்டின் முன்புறத்தே, தோட்டாவை அடுத்து உள்ளன. ஆதலின் வலிமை மிக்கது. அதன் பெருங்கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பற்றியே உள்ளே செலுத்தும், வெளியேயும் இழுக்கும். ஆதலின் இடர்வேளையில் சிக்காது. லீயின் பொறியில் முளைகள் பின்புறத்தே உள்ளன. வலிமை சிறிது குறைவு. ஆயினும் கைப்பிடியைத் தூக்கும் அளவு குறைவாதலின் விரைவு மிகுதி; தூசும் சேறும் பட்டாலும் ஓடும். பழைய துப்பாக்கியை வாங்குவார் இவற்றோடு குழலின் உள்ளையும் ஒளியிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். பழைய தோட்டாக்களின் கேப்பிலிருந்த உப்புச்சத்து குழலுக்குட் படிந்து ஈரத்தை ஈர்க்கும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்தி எண்ணெய் இடாதார் துப்பாக்கிகள் உள்ளே அம்மைத்தழும்பு போலப் பள்ளம் விழுந்து கெட்டன. குந்தாவின் மெருகைக் கண்டு வாங்கி இதனால் ஏமாந்தவர் பலர்.

சட்டம் தேர்ந்த தோட்டா

ஐந்தாவதாகிய தோட்டாவே நம் நாட்டில் ஏனைய நான்கினையும் வென்றது. அதன் காரணம் வேட்டையன்று, அரசியல்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அரசினர் குடிகளின் துப்பாக்கிகளை அஞ்சினர். லிட்டன் பிரபு வைசிராயாயிருந்த பொழுது, 1878-இல் இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. அதன்படி லைசென்சு என்னும் உரிமச்சீட்டின்றி இந்தியர் துப்பாக்கி வைத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கும், பட்டம் பெற்ற பெருஞ்செல்வர் சிலர்க்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தன் கொல்லையிற் புகுந்த பன்றியை ஓட்ட உழவன் விண்ணப்பம் எழுதிக் கச்சேரி வாயிலிற் காத்துநிற்க, அயலான் ஒருவன் சீட்டின்றியே துப்பாக்கி தாங்கி உலாவினான். இவ்வின வேற்றுமை 1920-களில் விதிகள் திருத்தப்பட்ட பின்னரே நீங்கிற்று. இது நம் மக்கள் உள்ளத்தை எத்துணைப் புண்படுத்திற்று என்பதற்கு, 1931-இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் தாங்கும் உரிமையையும் ஒன்றாகச் சேர்த்தமையே சான்று.

அஃதன்றியும், படையினர் வழங்கிய .303, .450 அளவுத் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர் கையிற் சேருமென்று அஞ்சி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளவுத் துப்பாக்கிகளைத் தனியார்க்கு இறக்குமதி செய்தலை அரசினர் தடுத்தனர். ஆங்கிலத் துப்பாக்கிக் கம்பெனியார் தம் வாணிகம் கெடாவண்ணம் .465, .470 எனப் புதிய அளவுகளைச் செய்தனுப்பினர். எளியோர்க்கு அவை எட்டா. அவர்க்கென வழங்கியது .315. ஆஸ்திரிய நாட்டு 8 மில்லிமீட்டர் மன்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது அது, குண்டின் நிறை ஏறக்குறைய 244 கிரெயின், அதாவது 16 கிராமுக்குச் சிறிது குறைவு, வேகம் மட்டானது. வங்காளத்து இஷாப்பூரில் உள்ள அரசினர் ரைபிள் தொழிற்சாலை, லீ-என்பீல்டின் பொறியை அப்படியே வைத்துக்கொண்டு குழலையும் தோட்டாவையும் மட்டும் மாற்றி .315 ரைபிளைச் செய்தது. உடல் படையினருடையது, உயிராகிய தோட்டா மட்டும் வேறு. படையினர் தோட்டா இதிற் பொருந்தாது. இதன் தோட்டா படையினர் துப்பாக்கியிற் பொருந்தாது.

ஆகவே, நம் நாட்டான் ஒருவன் .315 ரைபிளை வைத்திருந்தானாயின், அதனை மௌசரோடும் ரிக்பியோடும் ஒப்புநோக்கிச் சிறந்ததெனத் தேர்ந்தான் என்று கருதற்க. அதற்கே உரிமம் கிடைத்தது. அதற்கே தோட்டா கிடைத்தது. ஆதலின் அதனைக் கொண்டான். தேர்ந்தது சட்டம், சுமந்தது அவன் தோள். விடுதலைக்குப் பின்னும் இம்முறை பெரும்பாலும் நின்றது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்து, இன வேற்றுமையின்றி யாவர்க்கும் ஒரே விதி வகுத்தது. ஆயினும் படையினர் தோட்டா குடிகளுக்கு ஆகாதென்னும் கொள்கையை அதுவும் கைவிடவில்லை.

வேட்டை ஓய்ந்த வரலாறு

துப்பாக்கி மலிந்தது, காடு குறைந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் பருத்தியும் மக்காச்சோளமும் பரவிய நம் சீமையில் விலங்குகள் ஒதுங்க இடமின்றிப் போயின. நாடெங்கும் இந்நிலையே ஆதலின், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயிலையும் அடைத்தது. ஒருகால் வேட்டைக்காரர் நாடிய கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. ஏறக்குறைய 454 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி 2024-இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்து அங்கே அச்சமின்றி இறங்குதல் நம் சீமைக்கு ஒரு புகழே.

ஆயினும் உழவரது துன்பம் தீர்ந்திலது. மலையடியிலும் காட்டோரத்திலும் மக்காச்சோளம் பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவிற் புகுந்து உழக்கிவிடுகின்றது. கடன்பட்டு விதைத்தவனுக்கு இது சிறு துன்பமன்று. இதனால் மனம் வெதும்பிச் சிலர் கள்ளத் துப்பாக்கியையும், அவுட்டுக்காய் என்னும் வெடியையும், வேலியில் நேரே பாய்ச்சும் மின்சாரத்தையும் நாடுகின்றனர். இருளில் அம்மின்வேலி பன்றியையும் அறியாது, தண்ணீர் பாய்ச்ச வந்த மகனையும் அறியாது. 2025 சனவரியில் தமிழ்நாட்டு அரசினர் ஒரு முறை வகுத்து அறிவித்தனர். காப்புக்காட்டின் எல்லையினின்று ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்பது அது. உழவன் தானே சுட இடமின்று. இம்முறை போதுமா என்று கேட்பார்க்கு உரிமை உண்டு. விண்ணப்பத்தாலும் சங்கத்தின் வாயிலாகவும் கேட்பதே தக்கது. சேதத்தை உடனே கிராம நிருவாக அலுவலர்க்கும் வனத்துறையார்க்கும் எழுத்தில் அறிவித்து ஈட்டுத்தொகை கோருதலும் இன்றியமையாதது.

குடும்பத்தார் கடமை

இனி, பாட்டனார் துப்பாக்கியை உடைய அன்பர்கள் கவனிக்கத்தக்கன சில உள. உரிமம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. உரிமம் பெற்றவர் இறந்தால், அவர் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்புவித்து இரசீது பெறுதல் வேண்டும். பதினாறாம் நாள் கடந்தும் பெட்டியிலேயே இருத்தி, பின்னர்ப் பார்ப்போம் என்று இருத்தல் சிறைக்குரிய குற்றமாய் முடியும். துக்க வீட்டில் இதனை நினைப்பார் இலர். ஆதலின் உறவின்முறையாரில் ஒருவர் நினைவூட்டுதல் நன்று.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் பெற்றவர் 70 வயது எய்தினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாம் உயிரோடிருக்கும் பொழுதே தம் சட்டப்படியான வாரிசு ஒருவர்க்கு அதனை மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். பின்னர்ப் பிள்ளைகள் அலையாதிருக்க இஃது ஏற்ற வழி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றினின்று இரண்டாகக் குறைக்கப்பட்டன. உரிமத்தின் காலம் மூன்றாண்டினின்று ஐந்தாண்டாக நீட்டப்பட்டது. வழிவழி வந்ததென்பதனால் இவ்வெண்ணிக்கைக்கு விலக்கு இன்று. உரிமம் பெற விரும்பாதார் துப்பாக்கியை முறைப்படி விற்றுவிடலாம். அன்றி அரசினரிடமே ஒப்புவித்துவிடலாம். அதனால் குடிப்பெருமைக்கு ஒரு குறைவும் வாராது.

ஏனெனின், யாம் மேலே காட்டியவாறு, அத்துப்பாக்கி நம் முன்னோரது தன்னுரிமையின் அடையாளமன்று. அவர் எதனைத் தாங்கலாமென்று பிறர் வரைந்த சீட்டின் அடையாளமே அது. அவர்க்கே உரியதாய் இருந்தது வேறொன்று. காற்று எப்பக்கம் வீசுகின்றது, சுவடு இன்றையதா நேற்றையதா, குட்டியோடு வரும் விலங்கா, குறி தப்பினால் குண்டு எங்கே சென்று விழும் என்று நின்று எண்ணி, ஐயம் உளதாயின் துப்பாக்கியைத் தாழ்த்திய அறிவே அது. அவ்வறிவுக்கு உரிமம் வேண்டுவதின்று. குறிபார்க்கும் கலையில் விருப்பமுள்ள இளைஞர் திருச்சிராப்பள்ளியிலுள்ள ரைபிள் சங்கம் போன்றவற்றிற் சேர்ந்து முறையாகப் பயின்று, போட்டிகளில் நம் சீமைக்குப் பெயர் தேடலாம். ஏனையோர் தம் வீட்டு முதியோரிடம் காடு பற்றியும் விலங்கு பற்றியும் அவர் அறிந்தவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராக. பச்சைமலையின் ஒற்றையடிப் பாதைகளையும், ஏரிகளில் எம்மாதம் எப்பறவை வரும் என்பதையும் அறிந்தார் நாளும் குறைந்துவருகின்றனர். துருப்பிடித்த இரும்பைக் காப்பதினும் இவ்வறிவைக் காப்பதே நம் சங்கத்தாரும் குடும்பத்தாரும் முதற்கண் மேற்கொள்ளத்தக்கது.

வாழ்க நம் சீமை! வளர்க நற்குடிகள்!